ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலத்தில் 'சி' வாங்கினால் பெர்க்லி போச்சா?

கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், தவறென்றால் திருத்துங்கள். சான் ஹோசே பக்கம் ஒரு பொதுப்பள்ளியில் உங்கள் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். முதல் செமஸ்டர் கிரேடு வந்திருக்கிறது. ஆறு பாடங்களில் நான்கில் ஏ, ஆனர்ஸ் (கூடுதல் கடினமான) ஜியோமெட்ரியில் பி, ஆங்கிலத்தில் சி. 'இனி பெர்க்லி கிடைக்காது, ஸ்டான்ஃபோர்டு கிடைக்காது, எல்லாம் போச்சு' என்று இரண்டு வாரமாகச் சரியாகத் தூங்காமல் இருக்கிறாள். அவள் சொல்லச் சொல்ல நீங்கள் தட்டச்சு செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதனால்தானோ என்னவோ, கேள்விக்குள் இரண்டு பேரின் குரல் கேட்கிறது. 'பெர்க்லிக்குக் கட்-ஆஃப் எவ்வளவு?' என்பது உங்கள் குரல். 'நான் அவ்வளவுதானா?' என்பது அவளுடையது. கடைசி வரியில் 'டியூஷன் வைக்கலாமா?' என்றும் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் வருகிறேன்.

நான் கலிஃபோர்னியாவில் ஒரு பொது உயர்நிலைப் பள்ளியில் பதினான்கு ஆண்டுகளாகக் கவுன்சிலர் (பாடத் தேர்வுக்கும் கல்லூரி விண்ணப்பத்துக்கும் வழிகாட்டுபவர்) வேலை பார்க்கிறேன். இடையில் இரண்டு பருவங்கள் ஒரு பல்கலைக்கழகத்துக்கு வெளியிலிருந்து விண்ணப்பங்களை வாசித்து மதிப்பிட்டுக் கொடுத்திருக்கிறேன். தனியார் பல்கலைக்கழகங்களின் சேர்க்கைக் குழு கூடும் அறைக்குள் நான் உட்கார்ந்தது கிடையாது. அவை பற்றி நான் சொல்வதெல்லாம் அவர்களே வெளியிட்டது, நீதிமன்றத்தில் வெளிவந்தது, என் பள்ளிப் பிள்ளைகளுக்கு நேர்ந்ததைப் பார்த்தது, அவ்வளவுதான்.

கட்-ஆஃபிலிருந்து தொடங்குகிறேன். நீங்களும் நானும் ப்ளஸ் டூ எழுதிய ஊரில் கணக்குக்கு நூறு, இயற்பியலுக்கு ஐம்பது, வேதியியலுக்கு ஐம்பது என்று இருநூறுக்கு ஒரு எண் வரும். அரை மார்க் குறைந்தால் அடுத்த கல்லூரி. அந்த எண்ணுக்கு ஈவிரக்கம் கிடையாது, ஆனால் ஒளிவுமறைவும் கிடையாது. அந்தப் பழக்கத்தில்தான் இங்கு வந்தும் எண்ணைத் தேடுகிறோம். இங்கே அப்படி ஓர் எண் இல்லை. யூசி, அதாவது பெர்க்லி உட்பட யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியாவின் வளாகங்களுக்கு, விண்ணப்பிக்கக் குறைந்தபட்சம் ஒன்று வைத்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் வசிப்பவர்களுக்கு 3.0 ஜிபிஏ (ஏ-க்கு 4, பி-க்கு 3, சி-க்கு 2 என்று போட்டு எடுக்கும் கிரேடுச் சராசரி), வெளி மாநிலத்தாருக்கு 3.4. அது வாசலில் செருப்பு விடும் இடம் மாதிரி. உள்ளே போன பிறகு 13 அம்சங்களை வைத்துப் பார்க்கிறார்கள். கிரேடு அதில் ஒன்று. எடுத்த பாடங்களின் கடினம், அந்தப் பள்ளியில் என்னென்ன பாடங்கள் கிடைத்தன, பிள்ளை எந்தச் சூழலில் படித்தது என்று மற்றவை போகின்றன. பெர்க்லியில் சமீப ஆண்டுகளில் விண்ணப்பித்த நூறு பேரில் பதினோரு பேர் அளவுக்குத்தான் இடம். ஸ்டான்ஃபோர்டில் நான்கு பேர்கூட இல்லை. இன்ன எண் எடுத்தால் இடம் உறுதி என்று அங்கே யாராலும் சொல்ல முடியாது.

இனி நிச்சயமாகத் தெரிந்தது. யூசி போடும் ஜிபிஏ கணக்கில் ஒன்பதாம் வகுப்புக் கிரேடு சேராது. ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடையிலிருந்து பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடை வரை எடுத்த 'ஏ-ஜி' பாடங்களின் (யூசி சேர்வதற்குத் தேவை என்று வகுத்திருக்கும் பாடங்கள்) கிரேடு மட்டும்தான் கணக்கு. கலிஃபோர்னியாவின் இன்னொரு அரசுப் பல்கலைக்கழகக் குடும்பமான கால் ஸ்டேட் கல்லூரிகளிலும் ஒன்பதாம் வகுப்புக் கிரேடு ஜிபிஏ-வில் வராது. யூசி கணக்கில் பிளஸ், மைனஸ் எல்லாம் கிடையாது. ஆனர்ஸ், ஏபி (பள்ளியிலேயே எடுக்கும் கல்லூரி நிலைப் பாடம்) பாடங்களுக்குக் கூடுதல் புள்ளி உண்டு என்றாலும் எட்டு செமஸ்டர் கிரேடுகளுக்கு மேல் தர மாட்டார்கள், அதிலும் பத்தாம் வகுப்பிலிருந்து நான்குதான். எஸ்ஏடி (கல்லூரிச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வு) மதிப்பெண்ணைச் சேர்க்கை முடிவுக்கு யூசி பார்ப்பதே இல்லை. எம்ஐடி 2022இல் எஸ்ஏடியைத் திரும்பக் கட்டாயமாக்கியது, ஹார்வர்டும் கால்டெக்கும் 2024இல் அதே வழிக்கு வந்தன. ஆனால் அது உங்கள் மகளுக்குப் பதினொன்றாம் வகுப்பில் வரவேண்டிய கவலை. இப்போதே கோச்சிங்கில் சேர்க்காதீர்கள்.

கணக்கில் சேராது என்பதும் கண்ணில் படாது என்பதும் ஒன்றல்ல. யூசி விண்ணப்பத்தில் ஒன்பதாம் வகுப்புப் பாடங்களையும் கிரேடுகளையும் மாணவரேதான் நிரப்ப வேண்டும். வாசிப்பவர் அதைப் பார்ப்பார். நான் வாசித்த நாட்களில் ஒன்பதாம் வகுப்பில் ஒரு சி தென்பட்டால் என் கண் தானாகவே பத்தாம் வகுப்பில் அதே பாடத்துக்குப் போகும். அங்கே பி, அதற்கடுத்து ஏ என்றிருந்தால் அந்த சி-யை மறந்துவிட்டு மேலே போவேன். அங்கேயும் சி என்றால்தான் நின்று யோசிப்பேன். பிள்ளை எழுதிய கட்டுரைகளில் அதற்கு ஏதாவது காரணம் இருக்கிறதா என்று தேடுவேன். ஒரு விண்ணப்பத்துக்குக் கிடைப்பது பத்துப் பதினைந்து நிமிடம். அதில் யாரும் ஒற்றைக் கிரேடைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பதில்லை, போக்கைத்தான் பார்க்கிறோம்.

கோடையில் அதே ஆங்கிலப் பாடத்தைத் திரும்ப எடுத்து ஏ ஆக்கிவிடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள், எல்லாப் பெற்றோரும் கேட்பார்கள். வேண்டாம். டி அல்லது எஃப் வாங்கிய பாடத்தைத் திரும்ப எடுத்தால்தான் யூசி புதுக் கிரேடை ஏற்கும். சி வாங்கியதும் அந்தப் பாடத்தின் தேவை நிறைவேறிவிட்டது. திரும்ப எடுத்தால் போவது கோடை விடுமுறை மட்டும்தான்.

ஸ்டான்ஃபோர்டு மாதிரித் தனியார் பல்கலைக்கழகங்களுக்குப் பள்ளியிலிருந்து முழு டிரான்ஸ்கிரிப்டும் (எல்லா ஆண்டுகளின் கிரேடுப் பட்டியல்) போகும், ஒன்பதாம் வகுப்பு உட்பட. அங்கே எவ்வளவு சேதம் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். செமஸ்டருக்கு ஆறு பாடம். பன்னிரண்டாம் வகுப்புத் தொடக்கத்தில் விண்ணப்பிக்கும்போது ஆறு செமஸ்டர் முடிந்திருக்கும், மொத்தம் 36 கிரேடுகள். இந்த செமஸ்டரில் நான்கு ஏ-க்குப் பதினாறு, பி-க்கு மூன்று, சி-க்கு இரண்டு, ஆக 21 புள்ளி. ஆறால் வகுத்தால் 3.5. அவள் பார்த்துப் பயந்தது இந்த 3.5-ஐத்தான். மீதி ஐந்து செமஸ்டரும் ஏ வாங்கினால் 36-க்கு 141 புள்ளி, 3.92. வழியில் இன்னும் ஐந்து பி விழுந்தாலும் 3.78. இந்த ஒரு செமஸ்டரால் கடைசிக் கணக்கில் குறைவது 0.08. முதல் செமஸ்டரில் ஜிபிஏ பயங்கரமாகத் தெரிவதற்குக் காரணம், வகுக்கும் எண் சின்னதாக இருப்பது.

'அந்த 0.08 போனாலே ஸ்டான்ஃபோர்டு போச்சே' என்று அவள் சொல்வாள். ஹார்வர்டு மீதான வழக்கில் (2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் சேர்க்கையில் மாணவரின் இனத்தைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திய அதே வழக்கு) வெளிவந்த ஒரு விவரத்தை அவளிடம் காட்டுங்கள். 2015இல் சேர்ந்த வகுப்புக்கு விண்ணப்பித்த உள்நாட்டு மாணவர்கள் சுமார் 26,000 பேர். அதில் 8,000 பேருக்கு மேல் முழு ஜிபிஏ வைத்திருந்தார்கள். எஸ்ஏடி மொழிப் பகுதியில் முழு மதிப்பெண் வாங்கியவர்கள் மட்டும் 2,700 பேருக்கு மேல். வெளிநாட்டினரையும் சேர்த்தே இடம் கிடைத்தது 2,000 பேர் அளவுக்கு. அன்றைக்கே அப்படி. சுத்தமான 4.0 வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் வெளியேதான் நின்றார்கள். அவள் இப்போது இழந்துவிட்டதாக நினைப்பது, அவள் கையில் எப்போதுமே இல்லாத ஒரு டிக்கெட். அதற்காக, அப்படிப்பட்ட இடங்களில் இந்த சி கொஞ்சமும் பாதிக்காது என்று பொய் சொல்ல மாட்டேன். கொஞ்சம் பாதிக்கும். எவ்வளவு என்று அளந்து சொல்ல எனக்கு வழியில்லை. அளந்து சொல்கிறேன் என்று ஆயிரக்கணக்கில் டாலர் வாங்கும் தனியார் ஆலோசகர்களுக்கும் வழியில்லை. எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சி வாங்கி மிகக் கடினமான இடங்களுக்குப் போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், விரல்விட்டு எண்ணலாம். எல்லாம் ஏ வாங்கி அதே இடங்களில் நிராகரிக்கப்பட்ட பிள்ளைகளை எண்ண விரல் போதாது.

கிரேடுக் கணக்கு இவ்வளவுதான். இதைவிட முக்கியமான ஒரு விஷயம் உங்கள் கேள்வியில் இல்லவே இல்லை. அந்த சி எங்கிருந்து வந்தது?

தமிழ் வீடுகளில் ஆங்கிலத்தில் சி என்றதும் பெற்றோருக்குத் தலை சுற்றிவிடும். கணக்கில் குறைந்தால் புரிகிறது, அறிவியலில் குறைந்தால் புரிகிறது. இங்கேயே பிறந்து, தூக்கத்தில்கூட ஆங்கிலத்தில் உளறி, பாட்டியிடம் நாலு வார்த்தை தமிழில் பேசச் சொன்னால் முழிக்கிற பிள்ளை ஆங்கிலத்தில் எப்படி சி வாங்கும்? உடனே 'நிறையப் புத்தகம் படி' என்று சொல்லிவிடுகிறோம். ஆங்கிலம் தெரியாததால் சி வாங்கிய பிள்ளையை, இங்கே பிறந்தவர்களில், நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன்.

பள்ளியின் கிரேடுபுக்கைத் திறங்கள். கேன்வாஸோ அரீஸோ பவர்ஸ்கூலோ, உங்கள் பள்ளியில் எதுவோ அதை. கடைசிக் கிரேடைப் பார்க்காமல் ஒவ்வொரு வேலைக்கும் என்ன மதிப்பெண் என்று வரிசையாகப் பாருங்கள். நான் முதலில் தேடுவது பூஜ்யத்தை. ஐந்து வேலைக்குத் தலா 90 வாங்கி, ஆறாவதைக் கொடுக்காமல் விட்டால் 450-ஐ ஆறால் வகுக்க வேண்டும். 75 வரும். 75 என்றால் சி. அந்தப் பிள்ளைக்கு ஆங்கிலம் 90 அளவுக்கு வரும், டிரான்ஸ்கிரிப்ட் மட்டும் சி என்று சொல்லும். ஒரு பையன் என் அறையில் உட்கார்ந்து அழுதான், 'எல்லா ஹோம்வொர்க்கும் செய்தேன் மிஸ்' என்று. செய்திருந்தான். எல்லாம் அவன் லேப்டாப்பில் பத்திரமாக இருந்தன. நான்கு வேலைகளில் சப்மிட் பட்டனை அழுத்தவில்லை. எட்டாம் வகுப்பு வரை ஆசிரியர் பின்னாலேயே வந்து கேட்பார். ஒன்பதில் ஆறு ஆசிரியர்கள், ஒவ்வொருவருக்கும் நூற்றைம்பது பிள்ளைகள், யாரும் வந்து கேட்க மாட்டார்கள்.

பூஜ்யங்கள் இல்லாமல், வகுப்பிலேயே நேரம் வைத்து எழுதும் கட்டுரைகளில் மட்டும் 70, 72 என்று இருந்தால் அது வேறு சங்கதி. நடுநிலைப் பள்ளியில் கதையை நன்றாகச் சுருக்கி எழுதினால் ஏ கிடைத்துவிடும். ஒன்பதாம் வகுப்பில் ஆசிரியர் கேட்பது ஒரு வாதம், அதற்கு நூலிலிருந்து ஆதாரம், அந்த ஆதாரம் எப்படி வாதத்தைத் தாங்குகிறது என்ற விளக்கம். பிள்ளை மூன்று பக்கம் எழுதியிருப்பாள், அழகாகவே எழுதியிருப்பாள். கதையைச் சொல்லியிருப்பாள், கதையைப் பற்றி எதுவும் சொல்லியிருக்க மாட்டாள். ஏன் மார்க் குறைந்தது என்று அவளுக்குப் புரியவே புரியாது, ஏனென்றால் அவள் எழுதியது எதுவும் தப்பில்லை. இது சொல்லிக்கொடுத்தால் இரண்டு மூன்று மாதத்தில் வந்துவிடும். சொல்லிக்கொடுக்கச் சரியான ஆள் அவளுடைய ஆசிரியர்தான். திருத்திய கட்டுரையை எடுத்துக்கொண்டு மதிய இடைவேளையிலோ பள்ளி முடிந்தோ போய், 'இந்தப் பத்தியை ஏ ஆக்க என்ன செய்திருக்க வேண்டும்?' என்று அவளே கேட்க வேண்டும். 'எனக்கு ஏன் சி போட்டீர்கள்?' என்று கேட்டால் வரும் பதில் வேறு. நீங்கள் மின்னஞ்சல் அனுப்பாதீர்கள். பதினாலு வயதுப் பெண் தானாக வந்து கேட்பதற்கும் அம்மா எழுதிக் கேட்பதற்கும் ஆசிரியர் மனதில் பெரிய வித்தியாசம் உண்டு. பதினொன்றாம் வகுப்பில் பரிந்துரைக் கடிதம் கேட்க வேண்டி வரும்போது இந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

கிரேடுபுக்கில் தொடக்கத்தில் 90-கள், அக்டோபருக்குப் பிறகு எல்லாப் பாடத்திலும் மெல்லச் சரிவு என்றிருந்தால் மூன்றாவது சங்கதி. அதில் ஆங்கிலத்துக்குச் சம்பந்தமே இருக்காது. தூக்கம், ஃபோன், புதுப் பள்ளியில் தனியாக மதிய உணவு சாப்பிடுவது, இப்படி ஏதாவது இருக்கும். இந்த வயதுக்கு இரவு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் கணக்கு. அதற்காகத்தான் கலிஃபோர்னியாவில் 2022 ஜூலை முதல் பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் காலை எட்டரைக்கு முன் தொடங்கக்கூடாது என்று சட்டமே வந்தது. அரை மணி கூடக் கிடைத்ததும் நம் வீடுகளில் அதில் இன்னொரு வகுப்பைச் சேர்த்துவிட்டார்கள் என்பது வேறு கதை.

இந்த மூன்றில் எது என்று தெரிந்துகொள்வது ஏன் முக்கியம் என்றால், சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்நகரப் பொதுப்பள்ளிகளில் ஆண்டுக்கணக்காகச் செய்த ஆய்வுகளில் இரண்டு விஷயங்கள் வெளிவந்தன. எட்டிலிருந்து ஒன்பதுக்குப் போகும்போது கிரேடு சரிவது பரவலாக நடக்கிறது. இது ஆறுதல். ஆனால் ஒன்பதாம் வகுப்பு ஜிபிஏ-வை வைத்துப் பதினொன்றாம் வகுப்பு ஜிபிஏ-வைப் பெருமளவு முன்கூட்டிச் சொல்லிவிட முடிகிறது. இது ஆறுதல் இல்லை. சேர்க்கை அலுவலகம் மன்னித்தாலும், வேலையைக் கொடுக்காமல் விடும் பழக்கம் அப்படியே பத்தாம் வகுப்புக்கும் கூட வரும். அங்கே யூசி கணக்கு தொடங்கிவிடும். உங்கள் மகளுக்கு அதிர்ஷ்டம், சோதனை ஓட்டத்திலேயே ஓட்டை தெரிந்துவிட்டது.

அவளிடமே இரண்டு வார்த்தை. பெயர் தெரியாது, பாப்பா என்றால் பதினாலு வயதில் கோபம் வரும், அதனால் சும்மா 'நீ' என்றே சொல்கிறேன். உன் அம்மா எழுதியதில் 'நான் புத்திசாலி இல்லை போலிருக்கு' என்று நீ சொன்னதாக ஒரு வரி இருந்தது. நடுநிலைப் பள்ளியில் படிக்காமலே ஏ வாங்கிய பிள்ளைகள் எல்லோரும் ஒன்பதிலோ பத்திலோ இந்த வரியைச் சொல்வார்கள், என் அறையில் ஆண்டுக்கு முப்பது தடவை கேட்கிறேன். படிக்காமலே ஏ வந்ததால், எப்படிப் படிப்பது என்று பழக உனக்குச் சந்தர்ப்பமே வரவில்லை, இப்போதுதான் வந்திருக்கிறது. ஜியோமெட்ரியில் பி வாங்கிய நீ அதே ஆனர்ஸ் வகுப்பில் இருப்பதா, சாதாரண வகுப்புக்கு மாறுவதா என்றும் கேட்டிருக்கிறாய். நிரூபணம் எழுதும் கணக்குகள் புரிந்து, பரீட்சையில் அவசரத்தில் தவறினால் இரு. வகுப்பில் நடப்பதே புரியவில்லை என்றால் கணக்கு ஆசிரியரிடம் இந்த வாரமே பேசு, ஏனென்றால் அடுத்து வரும் அல்ஜீப்ரா 2 யாருக்காகவும் காத்திருக்காது.

அம்மா, தூக்கம் பற்றி உங்களிடம். இரண்டு வாரம் தூக்கமில்லை என்பதை அந்த சி-யைவிட நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். கணக்கைக் காட்டிய பிறகும் சரியாகவில்லை என்றால், சாப்பாடு குறைந்தால், பிடித்த விஷயங்களை விட்டுவிட்டால் குழந்தை மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், பள்ளிக் கவுன்சிலரிடமும் சொல்லுங்கள். வாழப் பிடிக்கவில்லை என்ற மாதிரி ஏதாவது சொன்னால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணில் எந்த நேரமும் பேசலாம். 'டிரமா பண்றா' என்று வீட்டில் யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

அந்த சி-யைவிட உண்மையிலேயே தாக்கம் உள்ள முடிவு ஒன்று அடுத்த சில வாரங்களில் வருகிறது, பத்தாம் வகுப்புக்கான பாடத் தேர்வு. தனியார் பல்கலைக்கழகங்களுக்கு என்னைப் போன்ற கவுன்சிலர்கள் அனுப்பும் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. உங்கள் பள்ளியில் கிடைக்கும் பாடங்களோடு ஒப்பிட்டால் இந்த மாணவர் எடுத்தவை மிகக் கடினமானவையா, கடினமானவையா, சராசரியா என்று ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும். அந்த டிக்குக்காகப் பத்தாம் வகுப்பிலேயே நான்கு ஏபி எடுத்து, அக்டோபரில் என் அறைக்கு வந்து எதை விடலாம் என்று கேட்பவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அவளுக்குப் பலமான பாடத்தில் ஒன்றைக் கடினமாக எடுக்கட்டும். ஆங்கிலத்தில் இந்த செமஸ்டர் பி-க்கு மேல் ஏறினால் பத்தாம் வகுப்பில் ஆனர்ஸ் ஆங்கிலம் யோசிக்கலாம், இல்லாவிட்டால் வேண்டாம். சாதாரண ஆங்கிலத்தில் ஏ வாங்கிய பத்தாம் வகுப்பு, ஆனர்ஸில் இன்னொரு சி-யைவிட வாசிப்பவர் கண்ணுக்கு நன்றாகவே தெரியும்.

இதுவரை சொன்னது கலிஃபோர்னியா நிலவரம். வேறு மாநிலத்தில் இருந்து இதைப் படிப்பவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். டெக்சாஸில் 1997 சட்டப்படி பள்ளியில் முதல் பத்து சதவீதத்துக்குள் வருபவர்களுக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம் உண்டு. ஆஸ்டினில் இருக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மட்டும் வரம்பு இறுகிக்கொண்டே வந்து 2026 சேர்க்கைக்கு ஐந்து சதவீதமாகிவிட்டது. அங்கே பள்ளிகள் தரவரிசை போடும்போது பெரும்பாலும் ஒன்பதாம் வகுப்பும் சேரும், ஆகவே அங்கே ஒரு சி-க்கு எடை கூடுதல். இன்னொன்று, ஹெச்4 விசாவில் (ஹெச்1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்கானது) இருக்கும் பிள்ளைகளுக்குக் கூட்டரசின் கல்வி உதவித்தொகை கிடைக்காது. பல தனியார் கல்லூரிகள் அவர்களை வெளிநாட்டு மாணவர் கணக்கில் வைத்து, பண உதவி கேட்டால் அதையும் சேர்த்துப் பார்த்தே முடிவெடுக்கும். எம்ஐடி, ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், ஆம்ஹர்ஸ்ட் மாதிரிச் சில இடங்கள் சேர்க்கை முடிவில் பண உதவித் தேவையைப் பார்ப்பதில்லை. அந்த நிலையில் இருக்கும் குடும்பங்களுக்கு ஒன்பதாம் வகுப்பு கிரேடைவிட இதுதான் பெரிய விஷயம், அதை யாரும் கேட்பதே இல்லை.

நம்மவர்கள் பேசத் தயங்கும் வழி ஒன்றும் இருக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து சில மைல் தூரத்தில் டி ஆன்சா என்ற கம்யூனிட்டி காலேஜ் (இரண்டாண்டு அரசுக் கல்லூரி) இருக்கும். அங்கே இரண்டு ஆண்டு படித்து யூசிக்கு மாறுபவர்கள் ஏராளம். யூசி இரண்டு புது மாணவருக்கு ஒரு மாறுதல் மாணவர் என்ற விகிதத்தை இலக்காக வைத்திருக்கிறது. டேவிஸ், அர்வைன், சான்டா பார்பரா, சான்டா குரூஸ், ரிவர்சைடு, மெர்செட் ஆகிய ஆறு வளாகங்கள் நிபந்தனைகளை நிறைவேற்றினால் இடம் உறுதி என்றே எழுதித் தருகின்றன. பெர்க்லி அந்தப் பட்டியலில் இல்லை, ஆனால் மாறுதல் மாணவர்களை அதுவும் ஆயிரக்கணக்கில் எடுக்கிறது. இந்த வழியில் ஜிபிஏ என்பது கல்லூரிப் பாடங்களின் கணக்கு, ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலத்துக்கு அங்கே வேலையே இல்லை. கல்யாண வீட்டில் 'பொண்ணு எங்கே படிக்கிறா?' என்று கேட்டால் சொல்லக் கூச்சமாக இருக்கிறது என்பதைத் தவிர இதில் பெரிய குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கம்ப்யூட்டர் சயன்ஸ்தான் வேண்டும் என்றால் மட்டும் இந்த வழியும் நெரிசலானது.

பெர்க்லியோ ஸ்டான்ஃபோர்டோ கிடைக்காவிட்டால் வாழ்க்கையில் எவ்வளவு குறையும் என்பதற்கு ஆய்வுகள் ஒரே பதில் சொல்வதில்லை. டேல், க்ரூகர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2002இல் வெளியிட்டது பிரபலம். ஒரே மாதிரிக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து, இடமும் கிடைத்த பிள்ளைகளில், பெரிய பெயருள்ள இடத்துக்குப் போனவர்களும் போகாதவர்களும் பின்னாளில் ஏறத்தாழ ஒரே அளவு சம்பாதித்தார்கள். வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பெரிய இடம் கூடுதலாக உதவியது. 2023இல் செட்டி, டெமிங், ஃப்ரீட்மன் மூவரும் செய்த ஆய்விலும் சராசரி வருமானத்தில் பெரிய மாற்றம் தெரியவில்லை, ஆனால் நாட்டின் உச்ச ஒரு சதவீத வருமானத்துக்குள் போகும் வாய்ப்பு, நல்ல அரசுப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பிட்டால், ஐவி லீக் (ஹார்வர்டு, யேல் உள்ளிட்ட எட்டுத் தனியார் பல்கலைக்கழகங்கள்), ஸ்டான்ஃபோர்டு மாதிரி இடங்களில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கானது. அவர்கள் ஒப்பிட்ட அந்த 'நல்ல அரசுப் பல்கலைக்கழகம்' என்ற வரிசையில்தான் பெர்க்லியே வருகிறது.

கடைசியாக டியூஷன். இப்போதைக்குப் பணம் கட்டாதீர்கள். பூஜ்யங்கள்தான் காரணம் என்றால் டியூஷன் ஆசிரியரால் சப்மிட் பட்டனை அழுத்த முடியாது. அதற்கு ஞாயிறு மாலை இருபது நிமிடம் நீங்களும் அவளும் உட்கார்ந்து அடுத்த வார வேலைகளைப் பார்த்தால் போதும், ஆறு வாரம் கழித்து அவளே தனியாகச் செய்வாள். கட்டுரைதான் காரணம் என்றால் முதலில் ஆசிரியர், அவருக்கு நேரமில்லை என்றால்தான் வெளியாள், அதுவும் எழுதிக் கொடுப்பவர் கூடாது, திருத்தச் சொல்லித் தருபவர் வேண்டும். சரிவுதான் என்றால் டியூஷன் இன்னும் கெடுக்கும். இன்றிரவு கிரேடுபுக்கைத் திறந்து, ஆங்கிலத்தில் எத்தனை பூஜ்யம், வகுப்பில் எழுதிய கட்டுரைகளின் மதிப்பெண் என்ன, செப்டம்பரில் எவ்வளவு இருந்தது, டிசம்பரில் எவ்வளவு என்று மட்டும் பார்த்துப் பதில் எழுதுங்கள். அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே பாருங்கள், அவளுக்குத் தெரியாமல் வேண்டாம்.